பிஸ்கட் ஜாடியில் எட்டு மாதம்

குறை இல்லை என்று எழுதிவிட்டுப் போகிற டிரைவரைக் கண்டால் எங்கள் தலைமை மெக்கானிக்குக்கு ஆகவே ஆகாது.

எங்கள் பஸ் டிப்போவில் ஒரு வழக்கம். ஷிப்ட் முடிந்து வண்டியை உள்ளே விடுகிற டிரைவர், வாசலில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும் நீள நோட்டில் வண்டி நம்பரையும் தேதியையும் போட்டு, என்ன குறை என்று எழுதவேண்டும். பிரேக் இடது பக்கம் இழுக்கிறது, மூன்றாவது கியர் விழவில்லை, வைப்பர் துடைக்காமல் தடவிவிட்டுப் போகிறது, இப்படி. அதைப் படித்துவிட்டுத்தான் மெக்கானிக்குகள் வண்டிக்கு அடியில் படுப்பார்கள். குறைப் புத்தகம் என்று பெயர். குறை இல்லை என்று எழுதினால் வீட்டுக்குச் சீக்கிரம் கிளம்பலாம். அதனால் பாதிப் பேர் அதைத்தான் எழுதுவார்கள்.

தலைமை மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டால் போதும். ஸ்பேனர் மேஜையில் விழுகிற சத்தம் கேட்கும்.

"டேய், இங்க வா. என்ன எழுதியிருக்க?"

"குறை இல்லைண்ணே."

"இருபது வருசத்து வண்டி. நேத்துப் பொறந்த குழந்தைக்கே மூக்கு அடைக்குது, இதுக்கு ஒண்ணும் இல்லையா?"

"நல்லாத்தாண்ணே ஓடுச்சு."

"நல்லா ஓடல. நீ கவனிக்கல. ரெண்டும் வேற. போ, திரும்ப ஏறி உக்காரு. ஒரு குறையாவது கண்டுபிடிச்சு எழுதிட்டு வீட்டுக்குப் போ."

டிப்போவில் அவருக்குக் காது என்று பெயர். பஸ் முனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து எந்தச் சக்கரத்தில் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் கையால் தடவிப் பார்த்தே வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்பார். நான் அங்கே டயர் கழற்றி மாட்டுகிறவன். ஊரை விட்டு வந்து ஆறு வருஷம். அவர் வீட்டு மாடி அறையில்தான் வாடகைக்கு இருந்தேன். ஞாயிறு மத்தியானச் சாப்பாடு அவர்களோடு. அதனால் அந்த வீட்டில் நடந்ததை எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்ல இப்போது நாக்கு கூசுகிறது. இதை எழுதும்போதும் கோபம்தான் வருகிறது. பாதி அவர் மேல், பாதி என் மேல்.

போன வருஷம் சபையில் குடும்ப வாரம் நடந்தது. ஏழு நாள் கூட்டம். போதகர் நல்ல மனிதர், நல்லதைத்தான் சொன்னார். வீட்டுக்குள் நுழையும் முன் முகத்தைச் சரிபண்ணிக்கொள்ளுங்கள், வீட்டில் இருப்பவர்களை உற்றுக் கவனியுங்கள், கிடைத்ததற்கு நன்றி சொல்லுங்கள் என்றார். மூன்று விஷயம். எங்கள் காது முதலாவதையும் மூன்றாவதையும் எடுத்துக்கொண்டார். நடுவில் இருந்தது வரும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

அவரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அதற்கு முன்பு டிப்போவின் கத்தலை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவார். பருப்பில் உப்பு குறைந்தால் தட்டு சுவரில் போய் மோதும். குடும்ப வாரத்துக்குப் பிறகு தட்டு பறப்பது நின்றது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொள்வார். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான், அதாவது அது போய்விடுமோ என்று பயந்துதான், அவர் மனைவியான அண்ணியும் மகள் பாப்பாவும் அவர் கொண்டுவந்த சட்டத்துக்கு அடங்கிப் போனார்கள்.

சட்டம் இதுதான். வீட்டில் யாரும் குறை சொல்லக்கூடாது. வாய் தவறிச் சொல்லிவிட்டால், மேஜை நடுவில் இருக்கும் கண்ணாடி பிஸ்கட் ஜாடியை அவர் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுவார். டிங். உடனே அந்தக் குறையையே நன்றியாகத் திருப்பி, ஒரு துண்டுக் காகிதத்தில் தேதி போட்டு எழுதி, ஜாடியில் போடவேண்டும். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்பு அந்த வாரத்துச் சீட்டுகளை அவரே சத்தமாக வாசிப்பார். எல்லோரும் ஆமென் சொல்லவேண்டும். நானும் சொல்வேன். பசி.

பாப்பா என்று நாங்கள் கூப்பிடும் அவர் மகளுக்குப் பத்தொன்பது வயது, செருப்புக் கடையில் வேலை. ஒரு நாள், "காலெல்லாம் விண்ணு விண்ணுன்னு வலிக்குது" என்றாள். டிங். "வலிக்கிறதுக்குக் கால் இருக்கே, அதுக்கு நன்றி" என்று எழுதிப் போட்டாள். "அப்பா, என் தலைவலிக்குக் காரணம் நீங்க. அப்பா இருக்கிறதுக்கு நன்றின்னு எழுதவா?" என்பாள். அவரும் சிரிப்பார். வெளியே இருந்து பார்த்தால் சந்தோஷமான வீடு.

அண்ணி ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவைக்கூடத்தில் வேலை செய்தார். பதினொரு வருஷமாகக் கறை பார்க்கிற மேஜை. துவைத்து வந்த படுக்கை விரிப்பை விளக்குக்கு நேரே விரித்து, மருந்துக் கறையோ ரத்தக் கறையோ மிச்சம் இருந்தால் திருப்பி அனுப்புகிற வேலை. கண் வேலை. திடீரென்று ஒருநாள் மடிக்கிற மேஜைக்கு மாற்றினார்கள். ஏன் மாற்றினார்கள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. "மடிக்கிற மேஜையில் உட்கார்ந்தே வேலை செய்யலாம், நன்றி" என்ற சீட்டைக் காது வாசித்தார். நாங்கள் ஆமென் சொன்னோம்.

அண்ணி ஊற்றும் டீ கோப்பையில் விழாமல் மேஜையில் விழுந்தது. டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு வந்தது. அன்றைக்கு என்ன சிரிப்பு! "உப்பு இருக்கிற வீட்டுக்கு நன்றி" என்று அவரே எழுதிப் போட்டார். அண்ணியின் இடது தோளில் எப்போதும் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. இடது முழங்கையில் ஒரு காயம் ஆறும் முன் இன்னொன்று. டயரைத் தொட்டுப் பார்த்துத் தேய்மானம் சொல்கிற மனிதர் தினமும் அதற்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார். டயரோடு பிழைக்கிற நானும்தான்.

சாயங்கால ஜெபத்தில் வேதம் வாசிப்பது அண்ணிதான். முன்பு வரிசையாக வாசிப்பார். கொஞ்ச நாளாகத் தெரிந்த ஏழெட்டுப் பகுதிகளையே மாற்றி மாற்றி வாசித்தார். புத்தகம் மடியில் விரிந்திருக்கும், பார்வை எதிர்ச் சுவரில் இருக்கும், வார்த்தை பிசகாது. காதுக்குப் பெருமை தாங்கவில்லை. "உள்ளத்துல எழுதி வச்சிருக்கா தம்பி. பார்க்காமலே சொல்றா" என்று டிப்போ முழுக்கச் சொன்னார். போதகரிடமும் சொன்னார்.

வினை அதில்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காது தன் வீட்டைப் பற்றிச் சாட்சி சொல்லவேண்டும், அதற்கு முன் அண்ணி வேதபகுதி வாசிக்கவேண்டும் என்று போதகர் ஏற்பாடு செய்திருந்தார். எந்தப் பகுதி என்பதை அங்கே வைத்துத்தான் சொன்னார். வேதத்தில் யாரும் அதிகம் திறக்காத ஒரு சின்னப் புத்தகம்.

அண்ணி புத்தகத்தை வாங்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார். பக்கங்களைப் புரட்டினார். மேலும் புரட்டினார். பிறகு நிமிர்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்து, வீட்டில் வழக்கமாகச் சொல்லும் பகுதியை ஆரம்பித்தார்.

"அம்மா, அது இல்ல, நான் சொன்னது..." என்றார் போதகர் மெதுவாக.

அண்ணி நிறுத்தவில்லை. கடைசி வார்த்தை வரைக்கும் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். காது எழுந்து போய் அண்ணி கையிலிருந்த புத்தகத்தை வாங்கினார். பொருளடக்கப் பக்கம் திறந்திருந்தது. அவர் முகம் கறுத்தது. போதகர் சொன்ன பகுதியைத் தானே வாசித்துவிட்டு, மாட்டிவைத்த சிரிப்போடு சாட்சி சொன்னார்.

"எங்க வீட்ல எட்டு ஒன்பது மாசமா குறைன்னு ஒரு வார்த்தை கிடையாது."

வீடு திரும்பும்போது தூறல். மூன்று பேருக்கு ஒரு குடை, நான் நனைந்துகொண்டு பின்னால் நடந்தேன்.

"வேணும்னே பண்ணின," என்றார் காது. பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிப்பு மாறாமல்.

"என்ன வேணும்னே?"

"பொருளடக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிற. அத்தனை பேர் முன்னாடி என் மூக்கை அறுக்கணும். வேற என்ன?"

"ஆமா. உங்க மூக்கை அறுக்கத்தான் காலையில குளிச்சு, சேலைய மடிப்பு வச்சுக் கட்டிக்கிட்டு வந்தேன்."

"பதில் பேசாத."

"பேசல. நன்றி."

நடைபாதை ஒரு படி இறங்குகிற இடத்தில் அண்ணி கால் தடுமாறி, பாப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். காது குடையோடு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

மேஜையில் சோறும் பருப்பும் முட்டையும் இருந்தன. யாரும் தட்டைத் தொடவில்லை. காது ஜாடியை முன்னால் இழுத்தார்.

"இன்னைக்கு நடந்ததுக்கும் நன்றி சொல்லுவோம். முதல்ல நீ எழுது. சபை முன்னாடி தாழ்மை கத்துக்கிட்டதுக்கு நன்றின்னு எழுது."

அண்ணி செம்பை எடுத்தார். டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் டம்ளருக்கு ஒரு விரல்கடை இடது பக்கமாக மேஜையில் விழுந்தது. அவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். தண்ணீர் ஓடி வந்து காதின் மடியில் சொட்டியது.

"பாருடா! இப்ப மேல ஊத்துறா! கோவத்தைப் பாரு!" என்று கரண்டியை எடுத்து ஜாடியைத் தட்டினார். டிங். டிங். டிங்.

பாப்பா கரண்டியைப் பிடுங்கி எறிந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியலப்பா! டம்ளர் எங்க இருக்குன்னே தெரியல! படியில விழப் பார்த்தாங்க, இப்ப இது. கோவமாம் கோவம்!"

"நீ குறுக்க பேசாத."

"டிப்போவுல என்ன சொல்லுவீங்க? குறை எழுதாதவன் வண்டியைப் பார்க்கவே இல்லன்னு கத்துவீங்கல்ல? தினமும் வந்து பெருமையா சொல்லுவீங்கல்ல? வீட்ல மட்டும் குறை இல்லைன்னு எழுதினாத்தான் சோறா? அங்க பஸ்ஸுக்குக் குறைப் புத்தகம், இங்க அம்மாவுக்கு பிஸ்கட் டப்பா!"

சொல்லிக்கொண்டே ஜாடியைத் தூக்கி மேஜையில் கவிழ்த்தாள். எட்டு ஒன்பது மாதச் சீட்டு முழுக்கத் தண்ணீரில் கொட்டியது. அண்ணியின் சீட்டுகளைப் பொறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதலில் நேராக இருந்த எழுத்து, மாதம் போகப் போகக் கோட்டை விட்டு இறங்கி, கடைசிச் சீட்டுகளில் காகிதத்தின் ஓரத்தைத் தாண்டிப் போய்ப் பாதி வார்த்தை மேஜைக்கே போயிருந்தது. ஒரு சீட்டை எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காது அதை வாங்கினார். எட்டு மாதத்துக்கு முந்திய தேதி. அவர் சத்தமாக வாசித்தார். பழக்கம்.

"வலது கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது. அதற்கு நன்றி."

அந்த ஞாயிறு எனக்கு நினைவுக்கு வந்தது. இதே மேஜையில், இதே குரலில் இதை வாசித்தார். நாங்கள் ஆமென் சொன்னோம். நான்தான் முதலில் சொன்னேன், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே.

"இடது கண்ணு மங்குதுன்னு சொல்ல வாயைத் திறந்தேன்," என்றார் அண்ணி. குரலை உயர்த்தவே இல்லை. "டிங்னு அடிச்சீங்க. திருப்பி எழுதுன்னீங்க. திருப்பி எழுதினேன். நீங்களே வாசிச்சீங்க."

"அதுக்கப்புறம் சொல்லியிருக்கலாம்ல? நேராச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். கறை தெரியலன்னு மேஜையிலருந்து எழுப்பிவிட்டாங்களே, அன்னைக்குக்கூடச் சொல்ல வந்தேன். லேசான வேலை கிடைச்சிருக்கு, ஸ்தோத்திரம்னு ஆரம்பிச்சிட்டீங்க. சரி, இவரு தானா எப்பத்தான் பார்க்கிறாருன்னு பார்ப்போம்னு விட்டுட்டேன். வீம்புதான். ரெண்டு நாள் ஆகும், ஒரு வாரம் ஆகும்னு நெனச்சேன். எட்டு மாசம். இப்ப வலதும் பாதி இல்ல."

காது எழுந்தார். எதிரே போய் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். "என் மூக்கைப் பாரு" என்றார். அண்ணி பார்த்தார். ஹெட்லைட் சோதிக்கும்போது செய்கிற மாதிரி, கையை நன்றாக விலக்கி, அண்ணியின் இடது பக்கத்திலிருந்து விரலை மெதுவாகக் கொண்டுவந்தார். "தெரிஞ்சதும் சொல்லு."

விரல் வந்தது. அண்ணியின் காதோரத்தைத் தாண்டியது. கன்னத்தைத் தாண்டியது. இமைக்கு நாலு விரல்கடையில் நின்றது.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார் அண்ணி.

அவர் கை கீழே விழுந்தது. நனைந்த சீட்டுகளின் மேல் தலையை வைத்துக்கொண்டார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. பாப்பாவுக்கும் வரவில்லை. துணி எடுத்து வந்து, அவர் தலையைச் சுற்றித் தண்ணீரைத் துடைத்தாள்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்கு நான்கு பேரும் போனோம். டாக்டர் சின்ன வயசுப் பெண். கண்ணுக்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, நாற்காலியைத் தள்ளி உட்கார்ந்தார்.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"தேதியோட இருக்கும்மா. வீட்ல, பிஸ்கட் ஜாடியில," என்றார் அண்ணி.

டாக்டருக்குப் புரியவில்லை. யாரும் விளக்கவில்லை.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, இடது கண் பார்வை போனது போனதுதான், திரும்பாது. வலதில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். ஒரு நாள் தவறாமல் மூன்று வேளை சொட்டு மருந்து, அடுத்த வாரம் ஒரு ஆபரேஷன். "வலி இல்லாம வர்றது இது. ஆனா இந்த அளவுக்குப் போற வரைக்குமா விடுவாங்க? கூட இருக்கிறவங்க யாரும் கவனிக்கலையா?"

எந்தச் சக்கரத்தில் எந்தப் பேரிங் என்று முனையிலேயே சொல்லுகிற மனிதர் ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் பாப்பா கடைக்குப் போயிருந்தாள். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்ல அண்ணி என்னைக் கூப்பிட்டிருந்தார். காது டிப்போவிலிருந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது எதையும் எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. களைத்த முகம், அவருடைய சொந்த முகம். கையில் ஒரு புது நீள நோட்டு. மேஜையில் அண்ணிக்கு எதிரே உட்கார்ந்து, முதல் பக்கத்தில் தேதி போட்டார்.

"சொல்லு."

"என்ன சொல்ல?"

"குறை."

"எதோட குறை? கண்ணோடதா, உங்களோடதா?"

"ரெண்டும்."

"டிங் அடிக்கக் கரண்டி வேணாமா? தம்பி, உங்க அண்ணனுக்கு ஒரு கரண்டி எடுத்துக் குடுங்க."

நான் அசையவில்லை. அவரும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அண்ணி சொல்லத் தொடங்கினார். சமையலறை நிலைப்படி இடிக்கிறது. குளியலறை விளக்கு பத்து நாளாக எரியவில்லை, அங்கே தனக்கு முழு இருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் ஒரே மாதிரி. ரோட்டில் முன்னால் போகாதீர்கள், பக்கத்தில் நடங்கள், இடது பக்கம். அவர் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு எழுதினார். ஒன்பதாவதில் அண்ணியின் குரல் மாறியது.

"சாப்பிடும்போது தட்டைப் பார்க்கிறீங்க. பேசும்போது ஜாடியைப் பார்க்கிறீங்க. ஜெபம் பண்ணும்போது கண்ணை மூடிக்கிறீங்க. என் மூஞ்சியைப் பார்த்து எத்தனை நாளாச்சு? இந்த எட்டு மாசமா என் மூஞ்சி எப்படி இருந்துச்சு, சொல்லுங்க பார்ப்போம்."

அவர் பேனாவை விரலில் உருட்டினார்.

"தெரியல."

"எழுதுங்க."

எழுதினார். பக்கம் திரும்பியது. பதினைந்து, பதினெட்டு. நடுவில் ஒரு தடவை பேனாவை நிறுத்தி, "எல்லாத்தையும் ஆண்டவர் ஒரு நன்மைக்குத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"நன்மை அப்புறம். அவரு எங்கயும் ஓடிட மாட்டாரு. முதல்ல இதை முடிங்க."

முடித்தார். இருபத்திரண்டு. காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது.

"இருபத்திரெண்டாவதை இன்னொரு தடவை வாசிங்க," என்றார் அண்ணி.

"இதையும் சபையில் போய்ச் சாட்சியாகச் சொல்லக்கூடாது."

"ஆமா. சொன்னீங்க, அன்னைக்கு நான் முன்னால வந்து நின்னு இந்த நோட்டு முழுக்க வாசிப்பேன். பார்க்காமலே."

காதுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதையும் காட்டாமல் மருந்துக் குப்பியை எடுத்து மூடியைத் திருகினார். நான் சீட்டைப் பார்த்து, வலது கண்ணில் ஒரு சொட்டு, ஐந்து நிமிஷம் கண்ணை மூடியிருக்கவேண்டும் என்றேன். காது எழுந்து போய் அண்ணியின் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். இமையை விலக்கினார். அத்தனை பக்கத்தில், அத்தனை நேரம் அவர் அந்த முகத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"கையைக் கழுவினீங்களா?" என்றார் அண்ணி.

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண் எல்லாம் கறுப்பு. "கிரீஸ். உனக்குத் தெரியுதா?"

"எங்க தெரியுது. நாறுது. அதையும் எழுதுங்க."

குப்பியை மூடி வைத்துவிட்டு, இருபத்திமூன்றாவதாக அதையும் எழுதிவிட்டு, அவர் கை கழுவப் போனார்.